பாட்டில் விலையில் விஸ்கி எவ்வளவு, வரி எவ்வளவு?
சுவைக்கும் கையிருப்புக்கும் ஏற்ற மதுவைத் தேர்வது எப்படி? போனக்காடு மலையடிவாரத்திலிருந்து ஒரு கணக்கு

– நமது சிறப்புச் செய்தியாளர் –

புது தில்லி: விஸ்கி வாங்குகிறவருக்குப் பணத்தின் மதிப்பு தெரியும். சரக்கின் தரமும் அதன் உள்ளடக்கமும் தெரியும். அது எந்த ஊரில், எந்த முறையில் தயாரானது என்பதும் தெரியும். ஸ்காட்ச் விஸ்கி வாங்கும் பிரிவினரைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2008-ஆம் ஆண்டு மே 27-ஆம் தேதி அளித்த தீர்ப்பில் ஏறத்தாழ இவ்வாறுதான் அனுமானித்தது.

'பீட்டர் ஸ்காட்' என்ற பெயரில் இந்திய விஸ்கி ஒன்றை 1968 முதல் கோடே நிறுவனம் விற்று வந்தது. 'ஸ்காட்' என்ற சொல், அது ஸ்காட்லாந்தில் தயாரான மது என்ற எண்ணத்தை ஏற்படுத்தும் என்பது ஸ்காட்ச் விஸ்கி சங்கத்தின் வாதம். 1974-லேயே இது பற்றித் தெரிந்திருந்தும் 1986 வரை அச்சங்கம் நடவடிக்கை எடுக்கவில்லை. இந்தத் தாமதமும், வாங்குகிறவர் எளிதில் ஏமாறக்கூடியவர் அல்லர் என்ற கருத்தும் சேர்ந்து தீர்ப்பை இந்திய நிறுவனத்துக்குச் சாதகமாக்கின.

நீதிமன்றம் கருதிய அந்த 'விவரமறிந்த வாடிக்கையாளர்' உண்மையில் கடை வரிசையில் நிற்கிறாரா? தில்லியில் எழுதப்படும் தீர்ப்புகளும், நாடாளுமன்றம் நிறைவேற்றும் சட்டத் திருத்தங்களும், அமைச்சர்கள் கையெழுத்திடும் வர்த்தக ஒப்பந்தங்களும் இறுதியில் சென்று சேரும் இடம் அந்த வரிசைதான். எனவே இக்கேள்விக்கு விடை தேட, தலைநகரிலிருந்து வெகுதொலைவில் உள்ள ஒரு மலைக்கிராமத்தை எடுத்துக்கொள்வோம்.

மலைக்கு இப்பால் பெவ்கோ, அப்பால் டாஸ்மாக்

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில், விதுரையைக் கடந்து மேலேறினால் வருவது போனக்காடு. ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டம். பேய்க்கதைகளால் பெயர்பெற்ற பாழடைந்த பங்களா. 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்துக்கு நடைபயணம் தொடங்கும் இடம். வெளியுலகம் அறிந்த போனக்காடு இவ்வளவுதான். தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அங்கு லயங்களில் வாழ்கிறார்கள் என்பதும், தோட்டம் நலிந்ததால் ஊதியத்துக்கும் பணிக்கொடைக்கும் அவர்கள் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது என்பதும் அதிகம் பேசப்படாத செய்திகள்.

மலைமுகட்டுக்கு அப்பால் தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டம். அங்கே மது விற்பது டாஸ்மாக். 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனை முழுவதும் அதன் கையில். இப்பால் விற்பது, 1984-இல் தொடங்கப்பட்ட கேரள மாநில மதுபானக் கழகமான பெவ்கோ. ஒரே மலையின் இரு சரிவுகளில் வரியும் வேறு, விலையும் வேறு, கடையில் கிடைக்கும் வகைகளும் வேறு.

இந்த லயமொன்றில் பிறந்து, திருவனந்தபுரம் நகரில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், தேயிலைத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்த தம் தாய்மாமனின் மணிவிழாவுக்கு நல்ல விஸ்கி ஒன்று வாங்க விரும்புகிறார் என வைத்துக்கொள்வோம். அவர் ஒதுக்கிய தொகை 1,500 ரூபாய். தோட்டத் தொழிலாளி ஒருவரின் மூன்று நாள் கூலிக்கு அது குறையாது. அந்தப் பணத்துக்கு அவர் பெறுவது என்ன?

1,500 ரூபாயில் 427 ரூபாய்

முதலில் அறிய வேண்டியது, கடை விலை என்பது மதுவின் விலை அன்று. இந்தியாவில் தயாராகும் 'அயல்நாட்டு' மதுவகைகளில் விலை கூடியவற்றுக்குக் கேரளத்தில் 247 சதவீத விற்பனை வரி இருந்தது. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் அது 251 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அடுத்து வந்த 2023-24 நிதிநிலை அறிக்கையில், 500 முதல் 999 ரூபாய் வரையிலான பாட்டிலுக்கு 20 ரூபாயும், 1,000 ரூபாய்க்கு மேற்பட்டதற்கு 40 ரூபாயும் சமூகப் பாதுகாப்பு மேல்வரியாக விதிக்கப்பட்டது.

வரிக்கு முந்தைய மதிப்பு 100 ரூபாய் என்றால், 251 சதவீத வரி சேர்ந்து 351 ரூபாய் ஆகிறது. மேல்வரியை ஒதுக்கிவிட்டுத் திருப்பிக் கணக்கிட்டால், 1,000 ரூபாய் பாட்டிலில் வரிக்கு முந்தைய மதிப்பு ஏறத்தாழ 285 ரூபாய். 1,500 ரூபாய் பாட்டிலில் அது 427 ரூபாய். கண்ணாடி, மூடி, அட்டைப்பெட்டி, லாரி வாடகை, ஆலையின் லாபம் அனைத்தும் இந்தத் தொகைக்குள்ளேயே அடங்க வேண்டும்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் முக்கியமானது. ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறுக்கு ஏறும்போது வாங்குகிறவர் 500 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். சரக்கில் கூடுவது 142 ரூபாய் மட்டுமே. அந்த 142 ரூபாயும் மதுவின் தரத்துக்கே செலவாயிற்றா, பாட்டிலின் அலங்காரத்துக்கும் பெட்டியின் பளபளப்புக்கும் போயிற்றா என்பது அடுத்த கேள்வி. 'விலை கூடினால் தரம் கூடும்' என்ற பொதுவான நம்பிக்கையை மதுக்கடையில் அப்படியே கடைப்பிடிக்க முடியாததற்கு இதுவே காரணம்.

ஒரே நாடு, பல விலை

ஊருக்கு ஊர் விலை மாறுவதன் வேர் அரசமைப்புச் சட்டத்தில் உள்ளது. ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 8-ஆவது இனம் போதை தரும் மதுவகைகளை மாநிலங்களின் பொறுப்பில் வைக்கிறது. 51, 54 ஆகிய இனங்கள் அவற்றின் மீது கலால் தீர்வையும் விற்பனை வரியும் விதிக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளிக்கின்றன. 2016-ஆம் ஆண்டின் 101-ஆவது திருத்தம் சரக்கு-சேவை வரிக்கு வழிவகுத்தபோது, மனிதர் அருந்தும் மதுவை மட்டும் 366(12ஏ) பிரிவின் மூலம் அதற்கு வெளியே நிறுத்தியது. மதுவின் மூலப்பொருளான 'கூடுதல் நடுநிலைச் சாராய'த்துக்கு வரி விதிப்பது யார் என்ற நீண்டநாள் பூசலில், 2023 அக்டோபரில் ஜிஎஸ்டி கவுன்சில் அந்த உரிமையை மாநிலங்களுக்கு விட்டுக்கொடுத்தது. 2024-இல் நாடாளுமன்றம் அதற்கேற்பச் சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி, தொழிற்சாலைச் சாராயத்தின் மீதும் மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 8-க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது குறிப்பிடத்தக்கது.

இதன் விளைவாக, கண்ணூரை அடுத்த மாஹேயில் ஒரு விலை, கண்ணூரில் மற்றொரு விலை. மாஹே புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. விலை குறைவு என்று அங்கிருந்து வாங்கிக் கேரளத்துக்குள் கொண்டுவருவது குற்றம். அகத்தியமலையின் மறுபக்கத்திலிருந்து கொண்டுவருவதற்கும் இது பொருந்தும். மிச்சம் பிடிக்க நினைப்பவர் வழக்கில் சிக்கி இழப்பது அதிகம்.

லேபிளைப் படிக்கும் முறை

விலை வழிகாட்டவில்லை எனில் எதைப் பார்த்து வாங்குவது? லேபிளைத்தான் படிக்க வேண்டும். அது சொல்வதையும், சொல்லாமல் விடுவதையும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் விஸ்கி என்ற பெயர் பெற, மது தானியத்திலிருந்து வடிக்கப்பட்டிருக்க வேண்டும். மரப்பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் முதிர்ந்திருக்க வேண்டும். ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. இந்தியாவில் நிலைமை வேறு. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து வடித்த நடுநிலைச் சாராயத்துடன் சிறிதளவு மால்ட் விஸ்கியைக் கலந்து, விஸ்கி என்றே விற்கும் வழக்கம் இங்கு உண்டு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் மதுபான விதிமுறைகள் 2018-இல் வெளியாகி, 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. அவை கலப்பு விஸ்கி எது, சிங்கிள் மால்ட் எது என்று வரையறுக்கின்றன.

வாங்குகிறவர் வசதிக்காகக் கடைத்தட்டுகளில் உள்ளவற்றை நான்கு படிகளாகப் பிரிக்கலாம். முதற்படி, பெரும்பகுதி நடுநிலைச் சாராயத்தால் ஆன மலிவுவகைகள். இரண்டாவது, இந்தியத் தானியச் சாராயத்துடன் இறக்குமதியான ஸ்காட்ச் மால்ட் கலந்தவை. ராயல் ஸ்டாக், பிளெண்டர்ஸ் பிரைடு போன்றவை இவ்வகை. மூன்றாவது, ஸ்காட்லாந்திலேயே தயாராகி, மொத்தமாகக் கப்பலில் வந்து, இந்தியாவில் பாட்டிலில் அடைக்கப்படும் ஸ்காட்ச். டீச்சர்ஸ், பிளாக் டாக், வாட் 69, 100 பைப்பர்ஸ் ஆகியன இங்கு அவ்வாறு விற்கப்படுபவை. நான்காவது, இந்தியச் சிங்கிள் மால்ட்களும், பாட்டிலாகவே இறக்குமதியாகும் ஸ்காட்ச்சும்.

பணத்துக்கு ஏற்ற மதிப்புத் தேடுபவர் கவனிக்க வேண்டியது மூன்றாம் படியை. சுங்க வரி மதிப்பின் அடிப்படையில் விதிக்கப்படுகிறது. அலங்காரப் பெட்டியோடு வரும் பாட்டிலைவிட, மொத்தமாக வரும் மதுவின் மதிப்பு குறைவு. எனவே உள்ளிருப்பது முறையான ஸ்காட்ச்சாக இருந்தும் விலை கட்டுக்குள் நிற்கிறது. லேபிளில் 'ஸ்காட்லாந்தில் வடிக்கப்பட்டது, இந்தியாவில் அடைக்கப்பட்டது' என்ற பொருள்படும் வரி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

லேபிளில் மேலும் மூன்று செய்திகள் உண்டு. ஒன்று, ஆண்டு எண். '12 ஆண்டுகள்' என்று ஸ்காட்ச் பாட்டிலில் இருந்தால், அதில் கலந்துள்ளவற்றில் மிக இளையதின் வயது அது. இரண்டு, வீரியம். பல இந்திய வகைகளில் காணப்படும் 42.8 சதவீதம் என்பது பழைய ஆங்கிலேய அளவையான '25 டிகிரி யு.பி.'யின் இன்றைய வடிவமேயன்றித் தரச்சான்று அன்று. மூன்று, நிறம். கேரமல் சேர்த்து நிறமூட்டுவது ஸ்காட்ச்சிலும் அனுமதிக்கப்பட்டதே. ஆகவே கறுத்த நிறத்தைப் பார்த்து 'நன்கு முதிர்ந்தது' என்று முடிவுகட்டக் கூடாது.

வெயில் செய்யும் வேலை

வயதை வைத்து இந்திய விஸ்கியையும் ஸ்காட்ச்சையும் ஒப்பிடுவதும் சரியன்று. ஸ்காட்லாந்தின் குளிரில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீத மது பீப்பாயிலிருந்து ஆவியாகிறது. பெங்களூரின் வெப்பத்தில் அது 10 சதவீதத்துக்கும் மேல். இழப்பு கூடும் அதே வேகத்தில் மரத்தின் சாரமும் மதுவில் இறங்குகிறது. நாலைந்து ஆண்டுகளில் இங்கு கிடைக்கும் முதிர்ச்சிக்கு அங்கே அதைவிடப் பல ஆண்டுகள் தேவைப்படும்.

1948-இல் தொடங்கப்பட்ட பெங்களூரின் அம்ருத் நிறுவனம் தனது சிங்கிள் மால்ட்டை 2004-இல் முதன்முதலாக அறிமுகப்படுத்தியது இந்தியாவில் அன்று; ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில். அதன் 'ஃப்யூஷன்' வகையை, பிரிட்டிஷ் விமர்சகர் ஜிம் மர்ரே தமது 2010-ஆம் ஆண்டுக் கையேட்டில் உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கியாக மதிப்பிட்டார். அதன்பின் கோவாவின் பால் ஜான், உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர், ஹரியாணாவின் இந்த்ரி ஆகியன வெளிவந்தன. உள்நாட்டுச் சரக்கென்றால் இரண்டாந்தரம் என்ற எண்ணத்துக்கு இனி இடமில்லை.

மாமா எந்தத் தேநீர் குடிப்பார்?

படியும் விலையும் தெளிவான பிறகே சுவை பற்றிய கேள்வி வருகிறது. இங்கு போனக்காட்டுக்காரருக்கு ஒரு வசதி உண்டு. தேயிலை அறிந்தவருக்கு விஸ்கியின் மொழி புதிதன்று. இரண்டிலும் நெருப்பும் மரமும் நேரமும் சேர்ந்தே மணத்தை உண்டாக்குகின்றன. தேயிலைச் சுவைஞர் பொருளின் பெயரைப் பார்ப்பதில்லை. கோப்பையில் உள்ளதை மட்டுமே மதிப்பிடுகிறார். விஸ்கி கலப்பவரும் அப்படியே. மதுவில் தண்ணீர் சேர்த்து வீரியத்தைச் சுமார் 20 சதவீதத்துக்கு இறக்கிய பின்னரே முகர்ந்து பார்க்கிறார். வீரியம் மிகுந்தால் மூக்கு மரத்துவிடும் என்பதே காரணம்.

தாய்மாமன் பாலும் சர்க்கரையும் தாராளமாகச் சேர்த்த தேநீரை விரும்புபவரா? தேனும் வெனிலாவும் போன்ற மணமுடைய, பூர்பன் பீப்பாயில் முதிர்ந்த வகைகள் அவருக்கு ஒத்துவரும். கிளென்லிவெட், கிளென்ஃபிடிக் போன்ற ஸ்பேசைடு ஸ்காட்ச்களும் இவ்வழியினவே. உலர்திராட்சையும் பேரீச்சம்பழமும் பிடிக்குமென்றால் ஷெர்ரி பீப்பாயில் இருந்த வகை. விறகடுப்புப் புகை ஏறிய கடுந்தேநீரை விரும்பினால், பீட் எனப்படும் மட்கிய கரிமண்ணின் புகையில் வாற்கோதுமையை உலர்த்திச் செய்த வகை. ஐலா தீவின் லாஃப்ரோய்க், ஆர்ட்பெக் இதற்குப் பெயர்பெற்றவை. ஆனால் பழக்கமில்லாதவருக்கு அது மருந்துக்கடை வாசனையாகத் தோன்றும், பரிசளிக்க உகந்ததன்று.

எப்படி அருந்துவார் என்பதும் கேட்கப்பட வேண்டும். சோடாவும் நிறைய ஐஸும் கலந்து குடிப்பவருக்குச் சிங்கிள் மால்ட் வாங்குவது வீண் செலவு. குளிர் மணத்தை அடக்கிவிடும். சோடா நுணுக்கங்களை மறைத்துவிடும். அவருக்கு இரண்டாம் படி அல்லது மூன்றாம் படியே போதும். சிறிது தண்ணீர் மட்டும் சேர்த்து மெல்ல அருந்துபவருக்கே மேற்படியின் பயன் தெரியும். முன்பின் அறியாத வகையை முழு பாட்டிலாக வாங்காமல், சிறிய அளவு கிடைக்குமெனில் அதை வாங்கிப் பார்ப்பது நல்லது. பிடிக்காத முழு பாட்டிலைப் போன்ற விலை கூடிய மது வேறில்லை.

பிரிட்டனில் இட்ட கையெழுத்து

விலை இறங்குமா என்ற எதிர்பார்ப்பும் இருக்கிறது. இறக்குமதி மதுவுக்கு இந்தியா விதித்து வந்தது 150 சதவீத வரி. 2021 நிதிநிலை அறிக்கையில் அது சுங்க வரி, வேளாண் உள்கட்டமைப்பு மேல்வரி என இரண்டாகப் பிரிக்கப்பட்டதே தவிர, மொத்தம் மாறவில்லை. 2025 பிப்ரவரியில் அமெரிக்க பூர்பன் விஸ்கிக்கு மட்டும் 100 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 24-ஆம் தேதி கையெழுத்தான இந்திய-பிரிட்டன் ஒப்பந்தத்தின்படி, பிரிட்டிஷ் விஸ்கிக்கான வரி ஒப்பந்தம் அமலாகும்போது 75 சதவீதமாகவும், பத்தாம் ஆண்டில் 40 சதவீதமாகவும் இறங்க வேண்டும்.

ஆனால் துறைமுகத்தில் குறையும் வரி அப்படியே கடைமேசைக்கு வந்து சேரும் என்று கருதுவதற்கில்லை. இடையில் இறக்குமதியாளரின் லாபம் இருக்கிறது. மாநிலத்தின் வரி இருக்கிறது. ஒன்றை நாடாளுமன்றம் குறைத்தால் மற்றொன்றைச் சட்டப்பேரவை கூட்ட முடியும். 247-இலிருந்து 251-க்கு ஏறிய கேரளத்தின் விகிதமே அதற்குச் சான்று.

கீழ்வரம்பும் உண்டு

கையிருப்புக்கு ஏற்ப இறங்கலாம். ஆனால் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கக் கூடாது. அந்த எல்லை, முத்திரையிட்ட பாட்டில். 2000 அக்டோபரில் கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கல்லில் நச்சுச் சாராயம் 30-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரண்டிலும் மாண்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள். மெத்தனால் கலந்ததை நாக்கால் கண்டறிய முடியாது. அரசுக் கடையின் ரசீதும், மூடியில் ஒட்டிய ஹாலோகிராமும் சிதையாமல் உள்ளனவா என்று பார்ப்பது சுவையைவிட முக்கியம்.

சட்டத்தின் எல்லைகளும் நினைவில் இருக்க வேண்டும். கேரளத்தில் மது வாங்க 23 வயது நிறைவடைந்திருக்க வேண்டும், தமிழ்நாட்டில் 21. அகத்தியர்கூட நடைபயணத்தில் மது கொண்டுசெல்ல வனத்துறை அனுமதிப்பதில்லை. போனக்காட்டுக்கு ஏறும் வளைவுச் சாலையில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது தன் உயிரையும் பிறர் உயிரையும் பணயம் வைப்பதாகும். உடல்நலனைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் கூறியதையும் இங்கே சேர்த்துச் சொல்வதே முறை. அரசமைப்புச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு மதுவிலக்கை அரசின் வழிகாட்டு நெறியாக வைத்திருப்பதும், அதே மதுவின் வரி மாநிலக் கருவூலங்களை நிரப்புவதும் நாம் பல பத்தாண்டுகளாகக் கண்டுவரும் முரண்.

நம் இளைஞரின் கணக்குக்குத் திரும்புவோம். தாய்மாமன் சோடா கலந்து குடிப்பவர் எனில், 1,500 ரூபாய் முழுவதையும் செலவிடத் தேவையில்லை. குறைந்த விலையில் நேர்மையான கலப்பு வகை ஒன்று போதும். மிச்சத்துக்கு ஒரு வேட்டி வாங்கலாம். தண்ணீர் மட்டும் சேர்த்து மெல்லச் சுவைப்பவர் எனில், இந்தியாவில் அடைத்த ஸ்காட்ச்சையோ, விலை இடங்கொடுத்தால் இந்தியச் சிங்கிள் மால்ட்டின் சிறிய பாட்டிலையோ தேரலாம். எதுவானாலும், முடிவு லேபிளைப் படித்த பிறகு எடுக்கப்பட்டதாக இருக்கட்டும்.

வாங்குகிறவருக்கு எல்லாம் தெரியும் என்று 2008-இல் நீதிமன்றம் அனுமானித்தது. அந்த அனுமானம் மெய்யாக வேண்டுமானால், எந்தப் பொருளிலிருந்து வடித்தது, எத்தனை பங்கு மால்ட், விலையில் எத்தனை ரூபாய் வரி என்பவை ஒவ்வொரு பாட்டிலிலும் வாங்குகிறவர் படிக்கக்கூடிய மொழியில் அச்சிடப்பட வேண்டும். மூன்று நாள் கூலியைக் கொடுத்து ஒரு பாட்டிலை வாங்குகிறவர் கேட்பதற்கு உரிமையுள்ள மிகக் குறைந்த தகவல் அது.